அவுட்பேக்கில் ஒரு நிலக்காட்சி ஓவியரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

அவுட்பேக் என்பது ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. ஊர்கள் அரிது, மழையும் அரிது. அங்கேயே பிறந்து அந்த நிலத்தையே வரைந்தவர் ஆல்பர்ட் நமட்ஜிரா (1902–1959), அரெர்ண்டே பழங்குடி ஓவியர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே ஹெர்மான்ஸ்பர்க் அவர் ஊர். 1936இல் ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியருக்கு ஒட்டகப் பயணத்தில் வழிகாட்டினார். அப்போதே நீர்வண்ணம் கற்றார். இரண்டே வருடத்தில் மெல்போர்னில் தனிக்கண்காட்சி, அத்தனை படங்களும் விற்றன! ஆனாலும் அவருக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது 1957இல்தான். அதை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

சரி, மண் ஏன் அவ்வளவு சிவப்பு? அதிலுள்ள இரும்பு காலங்காலமாகத் துருப்பிடித்ததால்தான். மழையில் நனைந்த இரும்புக் கேட் சிவந்துபோகிறதே, அதேதான். தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவது, இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். இந்த இரண்டையும் அருகருகே வைத்து, முன்னால் ஒரு வெள்ளைத்தண்டு யூகலிப்டஸ் மரத்தை நிறுத்துவார் நமட்ஜிரா. எனக்கு அந்த மரங்கள்தான் உயிர்.

அந்த நிறங்கள் கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சாயங்கால வெயிலில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை ஒட்டிய மக்டொனல் மலைத்தொடர் நிஜமாகவே அப்படித்தான் சிவக்கும்.