உங்களை விட்டால் ஆள் இல்லையா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்துப் பெக்டரி ஒன்றில் 14 வருடமாக உதவி டீமேக்கராக இருக்கிறேன். பெரும்பாலும் இரவு வேலைதான். இதற்குள், பெக்டரியில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் பதவி இரண்டு தடவை காலியானது. முதல் தடவை வேறு தோட்டத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தடவை, எனக்கு ஆறு வருடம் பிந்தி வேலைக்கு வந்தவருக்குக் கொடுத்தார்கள். தூள் பதம் பார்ப்பதில் அவர் என் கிட்டவும் வரமாட்டார். "நீங்க இல்லாட்டி பெக்டரி நின்னுரும்" என்று தோட்டத்தை நடத்தும் துரையே பல தடவை சொல்லியிருக்கிறார். தங்கை கல்யாணத்துக்குக்கூட தாலி கட்டும் நேரத்துக்குப் போய்விட்டு அன்றிரவே வேலைக்குத் திரும்பியவன் நான். பதவி வேண்டும் என்று யாரிடமும் போய் நின்றதில்லை. வேலையே பேசும் என்று இருந்துவிட்டேன். திறமை உள்ளவனை ஏன் இப்படி ஒதுக்குகிறார்கள்?
— பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதை நீங்கள் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். "நீங்க இல்லாட்டி பெக்டரி நின்னுரும்" என்கிறாரே துரை, அதுதான் விடை. இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் அவருடைய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். டீமேக்கர் பதவி காலி. உங்களை அதில் போட்டால், இரவு இரண்டு மணிக்குத் தூளை அள்ளி முகர்ந்து பார்த்து "இப்போ ட்ரையருக்குப் போடு" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. ஒரு காலியிடத்தை நிரப்பப் போய் இன்னொன்று விழும், அதுவும் மோசமான இடத்தில். மற்றவரைப் போட்டால் அந்தத் தலைவலி இல்லை. அவர் இடத்துக்கு நாளைக்கே ஒரு ஆளைப் பிடிக்கலாம். ஆக, உங்கள் திறமையைத் துரை கவனிக்காமல் விடவில்லை. நன்றாகக் கவனித்துத்தான் உங்களை அங்கேயே வைத்திருக்கிறார்.

இது உங்கள் பெக்டரியில் மட்டும் நடப்பதில்லை. மலைக்குப் போய்ப் பாருங்கள். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். இடத்துக்கு இடம் அது மாறும். அதே மலையில் 30 கிலோ எடுக்கும் அக்கா ஒருவர் எப்போதும் இருப்பார். எந்த நிரையில் கொழுந்து முற்றுகிறது, எந்த மலைக்கு எத்தனை நாளில் திரும்ப வரவேண்டும், புதிதாக வந்த பிள்ளை எங்கே முற்றிய கரட்டு இலையைப் பறிக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரைக் கங்காணியாக்கினால் அந்த மலையே சீராகும். ஆக்குகிறார்களா? இருபது வருடம் கழித்தும் அவர் கூடையோடுதான் நிற்கிறார். பொம்பிளை ஆள் என்பது ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. அதோடு சேர்ந்த இன்னொரு காரணம், அவரைக் கங்காணியாக்கிய அன்றைக்கே தராசில் 30 கிலோ குறையும். நிறுவையில் உடனே தெரியும் நட்டத்தைப் பார்க்கிறார்கள். அவர் பழக்கினால் இருபது பேர் ஆளுக்கு இரண்டு கிலோ கூட எடுப்பார்களே, அந்த இலாபம் மெதுவாகத்தான் வரும். அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கடன் இருக்கிறது. பத்திரிகைக்கு வருவதற்கு முன் கண்டியில் ஓர் அச்சகத்தில் ஆட்களைப் பிரித்துப் போடும் பொறுப்பில் இருந்தேன். அங்கே புரூஃப் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஓர் இரும்பு அடிமட்டத்தைக் கீழ்வரியில் வைத்து மறைத்துக்கொண்டு, வரி வரியாக இறக்கி இறக்கிப் படிப்பார். மத்தியான வெயிலில் மற்றவர்கள் கொட்டாவி விடும் நேரத்திலும் அந்த அடிமட்டம் ஒரே வேகத்தில் இறங்கும். பக்கம் அமைக்கும் பகுதிக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டபோது அவர் பெயரை ஒருவர் சொன்னார். "அவரை எடுத்தா புரூஃப் யார் பாக்கிறது?" என்று கேட்டது நான்தான். வேலைக்கு வந்து இரண்டு வருடமான ஒரு பையனுக்கு அந்த இடத்தைக் கொடுத்தோம். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் கழித்து அதே நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றுப் போனார். அவர் போன மூன்றாம் கிழமை இரண்டு பேரைப் பழக்கி அந்த வேலையைச் செய்ய வைத்துவிட்டோம். ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். செய்ய வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவர் எங்களுக்கு அந்த அவசியத்தை வரவிடவே இல்லை.

இனி, வேலையே பேசும் என்கிறீர்கள். நீங்கள் செய்து அனுப்பும் தேயிலைச் சாக்கை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். தோட்டத்தின் மார்க் இருக்கும், பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எஃப். என்று கிரேட் இருக்கும், இன்வொயிஸ் நம்பர் இருக்கும், நிறை இருக்கும். இரவெல்லாம் விழித்திருந்தவன் பெயர் இருக்காது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் 2020இல் கணினித் திரைக்கு மாறியது. அந்தத் திரையிலும் தோட்டத்தின் பெயர்தான் வரும். தரகர் கோப்பையில் ஊற்றி ருசி பார்த்து "நல்ல நிறம், நல்ல காரம்" என்று எழுதி அனுப்பினால் அது துரையின் மேசைக்குப் போகிறது. அது எந்த இரவின் தூள், யார் நின்ற இரவு என்று அந்தக் காகிதத்தில் இல்லை. நீங்கள் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியப் போவதுமில்லை.

உங்கள் வேலையின் தன்மையே அப்படி. சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கும். மாடியில் கொழுந்து அளவாக வாடியிருந்தது, மழை இரவு என்பதால் நேரத்தைக் கூட்டினீர்கள், பரப்பிய தூள் பச்சை வாசனை போய்ப் பழ வாசனைக்கு வந்து செப்புக்காசு நிறம் பிடித்ததும் ட்ரையருக்குள் அனுப்பினீர்கள். காலையில் துரை வரும்போது தேயிலை ஆறிக் கிடக்கிறது. அவர் கண்டது ஒரு சாதாரண காலை. அதே காலையில் உங்களோடு போட்டியில் இருந்தவர் கந்தோர் வாசலில் நின்று, நேற்றைய கொழுந்து எவ்வளவு, அதில் தேயிலையாகத் தேறிய அவுட்டேன் எத்தனை வீதம், விறகுச் செலவு எப்படி என்று நாலு இலக்கம் சொல்லியிருப்பார். நீங்கள் அப்போது தூங்கப் போயிருப்பீர்கள். அதை வால்பிடித்தல் என்று நீங்கள் சொல்லலாம். சிலர் செய்வது அதுதான். ஆனால் எல்லாரும் செய்வது அது இல்லை. டீமேக்கர் வேலை என்பதே பாதிக்கு மேல் இந்த இலக்கம் சொல்லும் வேலை. ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது என்றால், அந்தக் கணக்கு எங்கே நழுவுகிறது என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். ஆட்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும், மெசின் உடைந்தால் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டும். மூக்கு இதில் ஒரு பங்குதான். அந்த மிச்சப் பங்கும் உங்களால் முடியும் என்று ஒருநாளாவது காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அநியாயமே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மலையகத்தில் பிறந்த எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். ஸ்டாப்பில், அதாவது துரைக்குக் கீழே உள்ள உத்தியோகத்தர் வரிசையில், இருப்பவர் துரையாவது எவ்வளவு அபூர்வம் என்று எல்லாருக்கும் தெரியும். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், என்ன விளையாடினான் என்று பார்த்து ஆள் எடுத்த காலத்தின் மிச்சம் இன்னும் அங்கே கிடக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து விலாசத்தைப் பார்த்ததும் முகம் மாறும் நேர்முகப் பரீட்சைகள் இருக்கின்றன. சங்கத் தலைவரின் சிபாரிசில் போன இடங்களும் இருக்கின்றன. அரச உத்தியோகத்திலாவது பதவி உயர்வு விதிகளைச் சொல்லும் சேவைப் பிரமாணக் குறிப்பு என்று ஒன்று உண்டு, வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை உண்டு, நியாயம் தவறினால் பொதுச்சேவை ஆணைக்குழு வரை எழுதலாம். 1992இல் தோட்ட நிர்வாகம் 22 கம்பெனிகளின் கைக்குப் போனது. அங்கே பெரும்பாலும் மேலே இருப்பவர் மனதில்தான் பட்டியல். ஆனால் உங்கள் விஷயத்தில், உங்களைத் தாண்டிப் போனவரும் உங்களைப் போல ஸ்டாப்தான், நீங்கள் கேட்கும் பதவியும் ஸ்டாப் பதவிதான். அதனால் அந்தப் பெரிய அநியாயத்தை இதற்குப் பதிலாக வைத்துக்கொண்டு ஆறுதல் அடையாதீர்கள்.

கேட்காமல் இருந்ததுதான் உங்கள் பெரிய பிழை. நம்மிடம் இது ஒரு பழக்கமாகவே ஊறியிருக்கிறது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டால் போய், கூப்பிடாவிட்டால் திரும்பி வந்த பாட்டன் பாட்டிகளின் பிள்ளைகள் நாம். கேட்டால் திமிர் பிடித்தவன் என்பார்கள் என்ற பயம் அங்கிருந்து வந்தது. அந்தப் பயத்துக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது. கேட்டவனுக்குப் பற்றுச்சீட்டு எழுதி வேலையை விட்டே அனுப்பிய காலம் அது. நீங்கள் 14 வருடம் சம்பளப் புத்தகத்தில் இருக்கும் உத்தியோகத்தர். துரையிடம் நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்து, "அடுத்த முறை டீமேக்கர் பதவி காலியானால் எனக்கு வேண்டும். அதற்கு என்னிடம் என்ன குறை என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டே வசனம். மற்றவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் சொல்வதை அன்றைக்கே ஒரு கடிதமாக எழுதி, "நாம் பேசியது இது" என்று கையில் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுத வராவிட்டால் தெரிந்தவரிடம் எழுதி வாங்குங்கள். அந்த ஆங்கிலம்தான் குறை என்றால் படியுங்கள். அத்துருகிரியவில் உள்ள தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் தோட்டச் சேவையாளருக்குப் பாடநெறிகள் நடத்துகிறது. எந்தப் பாடநெறி உங்களுக்குப் பொருந்தும் என்று கேளுங்கள், கம்பெனி காசு தருமா என்றும் கேளுங்கள்.

அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனை மணிக்கு வாட்டம் முடிந்தது, என்ன காலநிலை, தூள் எவ்வளவு நேரம் கிடந்தது, தரகர் அறிக்கை அந்த இன்வொயிஸுக்கு என்ன சொன்னது என்று இரவுக்கு ஒரு வரி எழுதுங்கள். தை முதல் பங்குனி வரை குளிர்காற்று அடிக்கும்போதுதான் உங்கள் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல விலை. ஒரே ஒரு சீசன் எழுதினாலே உங்கள் இரவுகள் தனியாகத் தெரியத் தொடங்கும். அடுத்த தடவை துரை முன்னால் உட்காரும்போது கையில் அது இருக்க வேண்டும்.

இதெல்லாவற்றையும்விட உங்களுக்குக் கஷ்டமானது ஒன்று மிச்சமிருக்கிறது. உங்கள் மூக்கில் இருப்பதை இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் பழக்கிய ஒருவனைப் பற்றிக்கூட இல்லை. இதைத்தான் நான் இரண்டாம் தடவை படிக்கும்போது கவனித்தேன். இராத்திரியில் உங்களோடு நிற்கும் பையன்களில் ஒருவனைக் கூப்பிடுங்கள். தூளை அவன் கையில் அள்ளிக் கொடுத்து, "உனக்கு என்ன வாசனை வருது?" என்று கேளுங்கள். முதலில் தப்பாகச் சொல்லுவான். ஒரு மாதம் விடாமல் கேளுங்கள். அவன் சொல்வதும் நீங்கள் நினைப்பதும் ஒன்றாக வரத் தொடங்கிய பிறகு, மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள். கல்யாணத்தன்று சாப்பிடாமல் வந்த சாப்பாடு பாக்கி இருக்கிறது. போனை அணைத்து வையுங்கள். திரும்பி வரும்போது பெக்டரி ஓடிக்கொண்டிருக்கும். துரை அதைப் பார்த்திருப்பார்.