கோகா-கோலாவின் வரலாற்றைக் காத்தவர்கள் யார்?

கோகா-கோலா போன்ற புகழ்பெற்ற குளிர்பானத்தின் வரலாறு எப்படிப் பாதுகாக்கப்படுகிறது, நிறுவனம் சொல்கிறபடியே அதை நம்பிப் பிறருக்கு எடுத்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய சோடா பாட்டில்களையும் விளம்பரத் தகடுகளையும் சேர்க்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. நிறுவனம் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அந்தக் குளிர்பானத்தைப் பற்றிய உறுதியான சான்றுகளில் பல, நிறுவனத்தின் மீது எந்தப் பற்றும் இல்லாதவர்கள் தத்தம் அலுவலுக்காக எழுதிவைத்தவை. நாளிதழ், நீதிமன்றம், காப்புரிமை அலுவலகம், பானத்தைப் பாட்டிலில் அடைத்த, ஊர் ஊராக இருந்த சிறிய நிரப்பு ஆலைகள் ஆகிய நான்கும் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது நல்லதொரு விளம்பரக் கதை மட்டுமே.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அட்லாண்டா நகர மருந்தாளுநர் ஜான் பெம்பர்டன், கோகா இலைச் சாறு சேர்த்த ஒரு மதுவை 1885இல் விற்றுவந்தார். நகரத்தில் மதுவிலக்கு வரவே, மதுவை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகில் அதை மாற்றியமைத்தார். 1886 மே மாதத்தில் ஜேக்கப்ஸ் மருந்துக்கடையில் அந்தப் பாகு சோடாவில் கலந்து குவளை 5 சென்ட் விலைக்கு விற்பனைக்கு வந்தது. பெயரைச் சூட்டியவரும், இன்றுவரை மாறாத சாய்வெழுத்தை வரைந்தவரும் அவருடைய கணக்கரும் கூட்டாளியுமான ஃபிராங்க் ராபின்சன். பெம்பர்டன் 1888இல் இறந்துபோனார். அட்லாண்டா வணிகர் ஏசா கேண்ட்லர் உரிமைகளைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து 1892இல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். அந்த உரிமைகள் கைமாறிய விதம் குறித்து, குறிப்பாகச் சில கையொப்பங்கள் குறித்து, வரலாற்றாசிரியர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். ஐயத்தைத் தீர்க்க வேண்டிய தாள்கள் இப்போது இல்லை. நிறுவனத்தின் தொடக்க கால ஆவணங்களை எரித்துவிடும்படி 1910இல் கேண்ட்லரே உத்தரவிட்டார். எந்த நோக்கத்தில் அவர் அப்படிச் செய்திருந்தாலும், உலகின் மிகப் பெரிய குளிர்பான நிறுவனத்தின் ஆவணக் காப்பு ஒரு நெருப்பிலிருந்து தொடங்குகிறது என்பதை அதன் வரலாற்றை எழுதும் எவரும் விட்டுவிடக் கூடாது.

எரிந்ததற்கு ஈடாக நமக்கு மிஞ்சியது என்ன? 1886 மே 29 அன்று அட்லாண்டா ஜர்னல் நாளிதழில் வெளியான முதல் விளம்பரம் இருக்கிறது. அது நாளிதழின் சொத்து, எவரும் எரிக்க முடியவில்லை. அதைவிட வளமான புதையல் நீதிமன்றப் பதிவுகள். 1909இல் அமெரிக்க அரசு அதிகாரிகள் டென்னசி மாநிலத்துச் சட்டநூகா நகரில் நாற்பது பீப்பாய்களும் இருபது சிறு பீப்பாய்களும் கொண்ட கோகா-கோலா பாகைப் பறிமுதல் செய்தார்கள். காஃபீன் என்ற தீங்கு தரும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது ஒரு குற்றச்சாட்டு; பெயரில் உள்ள கோகா இலையும் கோலாக் கொட்டையும் பானத்தில் உரியபடி இல்லை என்பது மற்றொன்று. அரசுத் தரப்பின் பின்னால் நின்றவர் தூய உணவுச் சட்டத்துக்காகப் போராடிய வேதியியலாளர் ஹார்வி வைலி. 1911இல் நடந்த விசாரணைக்காக நிறுவனத்தின் பணத்தில் ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளரும் அவர் மனைவி லெட்டாவும் நியூயார்க்கில் சோதனைகள் நடத்தினார்கள். காஃபீன் எது, வெறும் சர்க்கரை எது என்று உட்கொள்பவர்களுக்குத் தெரியாதபடி அவை நடத்தப்பட்டதால், காஃபீன் ஆய்வின் வரலாற்றில் அந்தச் சோதனைகளுக்கு இன்றும் ஒரு மதிப்பான இடம் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1916இல் மறு விசாரணைக்குத் திரும்பியது. பிறகு காஃபீனின் அளவைப் பாதியாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. பாகு எப்படிக் காய்ச்சப்பட்டது, எதைச் சேர்த்தார்கள், எதைக் குறைத்தார்கள் என்பதெல்லாம் இத்தகைய வழக்குகளில் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களின் வாயிலிருந்து வந்தவை. குறுக்கு விசாரணையில் சொல்ல நேர்வதை எந்த நிறுவனமும் தன் ஆண்டு மலரில் எழுதாது அல்லவா?

அடுத்து பாட்டில். இதில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனெனில் ஆவணம் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. போலிச் சரக்குகள் பெருகிய காலத்தில், இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரிகிற ஒரு பாட்டில் வேண்டும் என்று 1915இல் கண்ணாடி ஆலைகளுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. இண்டியானா மாநிலத்து டெர்ரே ஹோட் நகரில் இருந்த ரூட் கண்ணாடி ஆலையின் அச்சு வடிவமைப்பாளர் எர்ல் டீன், கோகா இலை அல்லது கோலாக் கொட்டையின் படத்தைத் தேடி உடன் பணியாற்றிய ஒருவரோடு ஊர் நூலகத்துக்குப் போனார். கலைக்களஞ்சியத்தில் அவர் கண்ணில் பட்டது கோகோ காயின் படம். சாக்லேட்டுக்கு உரிய அந்தக் காய்க்கும் கோகா-கோலாவுக்கும் எந்த உறவும் இல்லை. என்றாலும் அதன் நீளவாட்டு வரிகளும் நடுவில் பருத்த வடிவமும் அவருக்குப் பிடித்துப்போக, அதையே அச்சாக வடித்தார்.

1915 நவம்பர் 16 அன்று வழங்கப்பட்ட காப்புரிமையில் இருப்பதோ ஆலையின் மேற்பார்வையாளர் அலெக்சாண்டர் சாமுவேல்சனின் பெயர். நெடுங்காலம் அவரே வடிவமைப்பாளர் என்று நம்பப்பட்டது. டீனின் பெயர் உரிய இடத்துக்கு வர அவர் குடும்பத்தார் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. இன்னொரு விந்தையும் உண்டு. அந்தக் காப்புரிமை வரைபடத்தில் உள்ள பாட்டில், கடைக்கு வந்த பாட்டில் அன்று. வரைபடத்து மாதிரி வயிறு பருத்து, நிரப்பு எந்திரத்தில் நிற்காமல் சாய்ந்துவிடும் என்பதால் இடுப்பை ஒடுக்கிய பிறகே உற்பத்தி தொடங்கியது. ஆக, அரசு முத்திரை பெற்ற அந்தத் தாளில் உள்ள பெயரும் வடிவமைத்தவருடையது அன்று, உருவமும் விற்பனைக்கு வந்தது அன்று. தாள் பொய் சொல்லவில்லை. அது எதற்காக எழுதப்பட்டதோ அதை மட்டும் சொல்கிறது.

என்னிடம் உள்ள பழைய பாட்டில்களில் ஒன்றின் நடுப்பகுதியில் 1923 டிசம்பர் 25 என்ற பிந்தைய காப்புரிமையின் நாள் பொறிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் செவ்வாய்க்கிழமைகளில் உரிமம் வழங்கும் வழக்கம் உடையது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் செவ்வாயில் வந்தது. சேகரிப்பாளர்கள் இந்த வகையைக் கிறிஸ்துமஸ் பாட்டில் என்றே அழைக்கிறார்கள். அடியைத் திருப்பினால் மெம்பிஸ் என்ற ஊர்ப்பெயர் தெரியும். உடலில் அகலமான இரண்டு இடங்களில் மட்டும் கண்ணாடி தேய்ந்து வெண்ணிற வளையங்களாக இருக்கும். நிரப்பு ஆலையின் ஓடுபாதையில் ஒன்றோடொன்று உரசி, கடைக்குப் போய், காலியாகத் திரும்பி, கழுவப்பட்டு மீண்டும் நிரப்பப்பட்டதன் தடம் அது. சில சேகரிப்பாளர்கள் செப்புக் கம்பித் துணுக்குகளோடு எந்திரத்தில் உருட்டி, இந்த வளையங்களை மெருகேற்றி அழித்துவிடுகிறார்கள். விலை கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாட்டில் உழைத்த காலத்துக்கு இருந்த ஒரே சாட்சியையும் துடைத்துவிடுகிறார்கள் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஊர்ப்பெயர் அடியில் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பாகை விற்றால் போதும், பாட்டிலில் அடைத்து விற்பது நமக்கு எதற்கு என்று கேண்ட்லர் நினைத்தார். 1894இல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் மிட்டாய்க் கடை நடத்திய ஜோசப் பீடன்ஹார்ன் முதன்முதலாகக் கோகா-கோலாவைப் பாட்டிலில் அடைத்து, அட்லாண்டாவுக்கும் சிலவற்றை அனுப்பிவைத்தார். நன்றாக இருக்கிறது என்று கேண்ட்லர் பதில் எழுதினார். ஆனால் காலிப் பாட்டில்களைத் திருப்பி அனுப்பவில்லை. இதைப் பிற்காலத்தில் பீடன்ஹார்ன் நினைவுகூர்ந்திருக்கிறார், வணிகர் அல்லவா! 1899இல் சட்டநூகாவைச் சேர்ந்த பெஞ்சமின் தாமஸ், ஜோசப் வைட்ஹெட் ஆகிய இரு வழக்கறிஞர்கள், நாட்டின் பெரும்பகுதியில் பாட்டிலில் அடைக்கும் உரிமையைப் பெயரளவில் ஒரே ஒரு டாலருக்குப் பெற்றார்கள். அவர்கள் ஊருக்கு ஓர் ஆலையாகப் பிரித்துக் கொடுக்க, ஒவ்வோர் ஆலையும் தன் ஊர்ப்பெயரைக் கண்ணாடியில் பொறித்தது. தலைமையகத்தில் இல்லாத வரலாறு இப்படித்தான் நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. விக்ஸ்பர்க்கின் அந்தக் கடை இப்போது சிறியதோர் அருங்காட்சியகம். நடத்துவது அவ்வூரின் பழங்கட்டடப் பாதுகாப்பு அமைப்பு.

நிறுவனத்தைக் குறைத்துச் சொல்வதும் நியாயம் ஆகாது. ஆவணக் காப்பாளர் ஒருவரை முழு நேரப் பணியில் வைத்துக்கொண்ட பெருநிறுவனங்கள் குறைவு. கோகா-கோலா அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. பிலிப் மூனி 1977 முதல் 2013 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். எனினும் அந்தக் காப்பகம் பொதுமக்களுக்குத் திறந்ததன்று. பொதுமக்களுக்கு இருப்பது அட்லாண்டாவில் 1990இல் தொடங்கி 2007இல் புதிய இடத்துக்கு மாறிய காட்சிக்கூடம். அங்கே முதன்மையான காட்சிப்பொருள் இரகசியச் செய்முறை வைக்கப்பட்ட பெட்டகம். 1919இல் நிறுவனத்தை விலைக்கு வாங்கியவர்கள் கடனுக்கு ஈடாக அந்தச் செய்முறையை நியூயார்க் வங்கியில் வைத்தார்கள். 1925இல் அது அட்லாண்டா வங்கிக்குத் திரும்பியது. 2011இல் காட்சிக்கூடத்துக்கு வந்தது. கட்டணம் கட்டி உள்ளே போனவர் பார்ப்பது ஒரு கதவை. ஓர் ஆவணத்தைக் காட்டாமலே காட்சிக்கு வைக்கும் இந்தச் சாமர்த்தியத்தை நான் உள்ளூர ரசிக்கிறேன், ஆனால் அதை வரலாற்றுப் பகிர்வு என்று சொல்ல மாட்டேன். 1985இல் சுவையை மாற்றி, எதிர்ப்பு கிளம்ப 79 நாள்களில் பழைய சுவைக்குத் திரும்பிய தோல்வியைக்கூட நிறுவனம் இப்போது கூச்சமின்றிச் சொல்லிக்கொள்கிறது. இனிமையாகிவிட்ட தோல்வியைச் சொல்வது எளிது.

எளிதல்லாதவை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனிக்குப் பாகு வருவது நின்றதும், அங்கிருந்த கிளையின் தலைவர் மாக்ஸ் கைட், பாலாடைக் கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரையும் ஆப்பிள் சக்கையையும் கொண்டு 1940இல் உருவாக்கிய பானம்தான் ஃபாண்டா. அதன் 75ஆம் ஆண்டையொட்டி 2015இல் ஜெர்மனியில் வெளியான விளம்பரம், அந்தப் பழைய நல்ல காலத்தின் உணர்வை மீட்டுத் தருவதாகப் பேசியது. நாஜி ஆட்சிக் காலம் நல்ல காலமா என்று கண்டனம் எழுந்ததும் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுவிழாக் கணக்கில் வரலாற்றைப் பகிர்ந்தால் இப்படித்தான் நேரும்.

நிறுவனத்துக்கு வெளியே உள்ள களஞ்சியங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1923 முதல் நிறுவனத்தை வளர்த்த ராபர்ட் உட்ரஃபின் தாள்கள் எமரி பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகமே கேண்ட்லர், உட்ரஃப் குடும்பங்களின் கொடையில் வளர்ந்தது என்பதையும் மனத்தில் கொள்வது நல்லது. 2000ஆம் ஆண்டில் நிறுவனம் தன் தொலைக்காட்சி விளம்பரங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடையாக அளித்தது. இது உண்மையிலேயே பாராட்டத்தக்க பகிர்வு. தனியார் தொகுப்புகளுக்கு இத்தகைய ஆயுள் இல்லை. கென்டக்கி மாநிலத்தில் ஷ்மிட் என்ற நிரப்பு ஆலைக் குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த மிகப் பெரிய தொகுப்பு 2011 முதல் ஏலத்தில் கலைந்தது. பொருள்கள் அழியவில்லைதான், ஆனால் ஓர் ஆலையின் தகடும் தட்டும் நாள்காட்டியும் அருகருகே இருந்தபோது சொன்ன செய்தியை, தனித்தனி வீட்டுச் சுவர்களில் தொங்கும்போது சொல்வதில்லை.

இந்தியப் பகுதிக்கு வருவோம். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது, 1977இல் நிறுவனம் இந்தியாவிலிருந்து வெளியேறியது. அப்போது தொழில் துறை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அரசே மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் செய்முறையைக் கொண்டு 77 என்ற பானத்தை விற்றுப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. 1993இல் கோகா-கோலா திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை வாங்கிக்கொண்டது. 2000இல் பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் தொடங்கிய ஆலை, நிலத்தடி நீர் குறித்த மக்கள் போராட்டத்தால் 2004இல் நின்றது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை ஏறத்தாழ 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இவற்றையும் சேர்த்துத்தான் அந்தக் குளிர்பானத்தின் வரலாறு. நீங்கள் இந்தப் பகுதியை எழுத நினைத்தால், 1977ஆம் ஆண்டின் நாடாளுமன்ற அவைக்குறிப்புகள், பிளாச்சிமடை அடங்கிய பெருமாட்டி ஊராட்சி தொடர்பான உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், அந்தக் குழுவின் அறிக்கை ஆகிய மூன்றையும் முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.