டிஎன்ஏவில் தகவல் சேமிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சாட்ஸ்வர்த்): அக்கா, டிஎன்ஏ உடம்புக்குள் இருப்பது. அதில் போட்டோவை எப்படி ஏற்றுகிறார்கள்?

பதில்: உடம்பே தேவையில்லை. டிஎன்ஏ இழையில் ஏ, சி, ஜி, டி என்று நான்கு வேதி எழுத்துகள். கம்ப்யூட்டர் கோப்பில் 0, 1 மட்டும். 00 வந்தால் ஏ, 01 வந்தால் சி என்ற மாதிரி மாற்றிக்கொண்டு, அந்த வரிசையில் இயந்திரம் இழையைக் கோக்கிறது. ஒரே எழுத்து தொடர்ந்து வந்தால் படிக்கும்போது பிழை வரும். அதனால் நிஜக் குறியீடு இதைவிடச் சிக்கலானது. நீளமான இழை செய்வதும் கஷ்டம். கோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணையும் எழுதிவிடுவார்கள். எல்லாம் ஒரே குழாயில் கலந்து கிடந்தாலும் அடுக்கிவிடலாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் அழிந்துவிடுமா?

பதில்: அழியாது. வைத்திருக்க மின்சாரமே வேண்டாம். கிரீன்லாந்தின் உறைமண்ணில் 20 லட்சம் ஆண்டு கிடந்த டிஎன்ஏவையே படித்து 2022இல் வெளியிட்டார்கள். ஈரமும் சூடும்தான் எதிரி. நம் கடற்கரைக் காற்றில் திறந்து வைக்கவே கூடாது. சூரிச் ஆய்வாளர்கள் 2015இல் நுண்ணிய கண்ணாடி மணிகளுக்குள் அதை அடைத்துக் காட்டினார்கள்.

கேள்வி (டொங்காட்): எவ்வளவு கொள்ளும்? கடைக்கு எப்போது வரும்?

பதில்: ஒரு கிராமில் 215 பெட்டாபைட், அதாவது 21.5 கோடி ஜிபி என்று 2017இல் ஆய்வாளர்கள் யானிவ் எர்லிக்கும் டினா சீலின்ஸ்கியும் கணக்குக் காட்டினார்கள். ஆனால் எழுதுவது மெதுவு, செலவும் அதிகம். 2019இல் மைக்ரோசாஃப்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் செய்த தானியங்கிக் கருவி 'ஹலோ' என்ற ஒரு சொல்லை எழுதித் திரும்பப் படிக்க 21 மணி நேரம் எடுத்தது. போன் மெமரிக்குப் பதிலாக இதை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (வெருலம்): டிஎன்ஏ கணக்கும் போடுமாமே?

பதில்: போடும். 1994இல் கணினி விஞ்ஞானி லெனர்ட் ஏடல்மன் ஏழு ஊர்களை, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும் தொட்டுப் போகும் வழியை டிஎன்ஏவால் கண்டுபிடித்தார். விடை குழாயில் சீக்கிரம் உருவானது. அதைப் பிரித்தெடுக்க ஏழு நாள் ஆய்வக வேலை. எனக்குச் சேமிப்பில்தான் நம்பிக்கை அதிகம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நம் முன்னோர் வந்த கப்பல் பட்டியல்களை இப்படி வைக்கலாமா, அக்கா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். எப்போதாவது படிப்போம், ஆனால் தொலையவே கூடாது: டிஎன்ஏ அதற்குத்தான் பொருத்தம். 1860இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்தார்கள். பல குடும்பங்களுக்குத் தங்கள் ஊர்ப்பெயர் அந்தப் பட்டியலில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆனால் விலை இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தோமே! வீட்டில் இருக்கும் தாள்களை இப்போதே ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை டர்பனுக்கு வெளியே இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். அப்புறம், பின்னாளில் டிஎன்ஏவில் ஏற்றினால், எழுத்தை எண்ணாக மாற்றும் விதியைக் காகிதத்திலும் எழுதிக் கூடவே வையுங்கள். விதி தொலைந்தால் இழை இருந்தும் படிக்க முடியாது.