38 சதவீதத்துக்குப் பயந்து பணத்தைக் கொட்டாதீர்கள்

எம்.எஸ்சி. வேதியியல் புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒற்றுமைச் சோதனை மென்பொருளில் போட்டதில் 38 சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவதாகக் காட்டிவிட்டது, மகள் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், ஐயா. படிப்பு ஒன்றும் போய்விடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தரச் சொல்வார்கள். அதிகபட்சக் கெடு ஆறு மாதம். 40ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் மகள் திருத்தும் இடத்தில்தான் நிற்கிறாள்.

ஆறுதல் இவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய சோதனை அறிக்கையைப் பார்த்தேன்; பிறர் எழுத்தோடு ஒத்த வரிகளை அது சிவப்பில் காட்டுகிறது. ஆய்வு முடிவுகள் அத்தியாயத்தில் சிவப்பே இல்லை, அது அவள் உழைப்பு. முன்னுரையிலும் செய்முறையிலும் பத்தி பத்தியாகச் சிவப்பு. சீனியர் ஒருவரின் ஆய்வேடு அப்படியே இறங்கியிருக்கிறது. "எல்லாரும் இப்படித்தான்" என்கிறாள். இல்லை, அது திருட்டுதான். மூலத்தை மூடி வைத்துவிட்டு, தான் லேபில் செய்ததைத் தன் நடையில் எழுதட்டும். அடுத்தவர் கருத்து வரும் இடத்திலேயே அவர் பெயரைச் சொல்லட்டும். ராத்திரி உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடியும்.

உங்கள் மைத்துனர் சொல்லும் "பர்சன்டேஜ் குறைத்துத் தரும்" ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் பெரும்பாலும் மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றுவார்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பதை 'பூசம் பெரில்' (bosom peril, அதாவது மார்பு ஆபத்து) என்று மாற்றிய கட்டுரைகளை 2021இல் பிரெஞ்சுக் கணினி அறிஞர் கியோம் கபனாக் குழுவினர் அம்பலப்படுத்தினார்கள். பட்டம் வாங்கிய பிறகு பிடிபட்டாலும் அதை நிறுத்தி வைக்க விதியில் இடமுண்டு.

அடுத்தது பிஎச்.டி. "பெயருக்கு முன்னால் டாக்டர் இருந்தால் நல்ல வரன் வரும்" என்பது மைத்துனரின் ஆசை. அவள் ஆசை அது இல்லை. குறைந்தது மூன்று ஆண்டு, நீண்டால் ஆறு. ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காவிட்டால் உங்கள் ஓய்வூதியம்தான் கரையும். விருப்பமில்லாதவள் அங்கே போனால் மறுபடி சீனியரின் ஆய்வேட்டைத்தான் திறப்பாள்.

போனில் பேசியபோது லேபைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. வகுப்பில் எல்லாருடைய மேற்கோள் பட்டியலையும் சொட்டேரோ (Zotero) என்னும் மேற்கோள் மென்பொருளில் போட்டு ஒழுங்குபடுத்திக் கொடுத்ததை மட்டும் விடாமல் சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு நூலக அறிவியல் என்று ஒரு படிப்பு இருப்பதை யாருமே சொல்லவில்லையா?

புத்தகம் அடுக்கும் வேலை என்று முகம் சுளிக்காதீர்கள். இன்று பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகளின் ஒற்றுமைச் சோதனையை நடத்துவது நூலகம்தான். பிஎச்.டி. ஆய்வேட்டை, நாட்டின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏற்றுவதும், எந்த ஆய்விதழ் போலி என்று மாணவருக்குச் சொல்வதும் பெரும்பாலும் அங்கேதான். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் 1962இல் பெங்களூரில் தொடங்கிய டி.ஆர்.டி.சி. என்னும் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் இப்போது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் நூலக அறிவியலில் இரண்டாண்டு எம்.எஸ். நடத்துகிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுத்துத் தேர்வு எழுதலாம். கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் வழக்கமாக மார்ச் வாக்கில் வரும். அது கிடைக்காவிட்டால் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் நூலக அறிவியல் பட்டங்களான பி.லிப்., எம்.லிப். என்று ஒவ்வோர் ஆண்டாகப் படிக்கலாம். நூலக அறிவியல் முதுகலையில் 55 சதவீதமும், நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் கல்லூரி நூலகர் பணிக்கு உதவிப் பேராசிரியருக்கு இணையான சம்பளம்; யு.ஜி.சி. அளவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரியில் இதைவிட நன்றாகவே குறையும், மறைக்க மாட்டேன். அரசுப் பணியிடங்களும் ஆண்டுதோறும் வருவதில்லை.

இந்த வாரமே கைடைப் பார்த்து, எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லி, கெடு கேட்கட்டும். அவள் தனியாகப் போகட்டும்; நீங்கள் வாசலில்கூட நிற்க வேண்டாம். மைத்துனர் எண்ணை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.