ஓடுபாதையில் பாதியில் நின்ற விமானம்: அம்மா மறுபடி ஏறலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவைக் கண் ஒப்பரேஷனுக்குச் சென்னைக்குக் கூட்டிப் போகும்போது, கட்டுநாயக்கவில் விமானம் வேகமெடுத்து ஓடி, திடீரென்று பிரேக் பிடித்து நின்றுவிட்டதாம். தீயணைப்பு வண்டிகள் வந்து சுற்றி நின்றிருக்கின்றன. கப்டன் சில நிமிடம் வாயே திறக்கவில்லை. மேலே வைத்த பையிலிருந்து சீனிக் குளிசையை எடுக்க அம்மா எழும்ப, பணிப்பெண் அதட்டி இருத்திவிட்டார். “மயிரிழையில் தப்பினோமா? அடுத்த மாதம் செக்கப்புக்கு அம்மா வரமாட்டேன் என்கிறா.”

மயிரிழை எல்லாம் இல்லை. நீங்கள் எழுதியபடி பார்த்தால், நடக்க வேண்டியதுதான் நடந்திருக்கிறது.

ஒவ்வொரு பயணத்துக்கும் விமானிகள் முன்கூட்டியே ஒரு வேகத்தைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ‘வீ ஒன்’ என்று பெயர். விமானத்தின் எடை, வெயில், காற்று, ஓடுபாதை ஈரமா காய்ந்ததா எல்லாம் அதில் சேரும். நடுத்தர ஜெட்டுக்கு மணிக்கு 250 கிலோமீற்றர் அளவில் வரும். அதற்கு முன் பெரிய கோளாறு என்றால் நிற்பது. தாண்டிவிட்டால், ஓர் எஞ்சின் செத்தாலும் மேலே ஏறுவது. மிச்ச எஞ்சினோடு ஏற முடியும் என்று காட்டிய பிறகுதான் அந்த விமானத்துக்குச் சான்றிதழே கிடைக்கும்.

ஓட்டம் தொடங்கியதிலிருந்து கப்டனின் கை எஞ்சின் லீவரில் இருக்கும். ‘வீ ஒன்’ என்ற குரல் கேட்டதும் எடுத்துவிடுவார். பதற்றத்தில் பின்னுக்கு இழுத்துவிடக்கூடாதே! இதைத்தான் விமானிகளான எங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது விமானி அறை மாதிரியே செய்த பயிற்சிப் பெட்டியில், போட்டுப் பிழிவார்கள். அந்தப் பெட்டிக்குள் என் சட்டையும் நனைந்திருக்கிறது.

சரி, வீ ஒன்னுக்கு முன் எது வந்தாலும் நிற்பார்களா? அதுவும் இல்லை. எயார்பஸ்ஸில் 100 நொட், அதாவது மணிக்கு 185 கிலோமீற்றர் தாண்டினால், எஞ்சின் தீ, எஞ்சின் சக்தி இழப்பு மாதிரி வலுவான காரணம் வேண்டும். சின்னச் சின்ன எச்சரிக்கைகளை அந்நேரம் விமானமே காட்டாமல் அடக்கி வைக்கும். வேகத்தில் நிற்பது லேசான வேலை இல்லை என்பதால்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. கொழும்பு காலி வீதியில் பஸ் சடன் பிரேக் போட்டால் வரும் நாற்றம் தெரியும்தானே, இங்கே அறுபது எழுபது தொன்.

தீயணைப்பு வண்டி வந்ததும் அந்தப் பிரேக் சூட்டுக்காகத்தான். விமானம் நின்று சில நிமிடம் போன பிறகுதான் பிரேக் சூடு உச்சிக்கு ஏறும். சக்கரத்தில் சின்ன உருகும் அடைப்புகள் உண்டு. சூடு மிஞ்சினால் அவை உருகிக் காற்றை வெளியே விட்டுவிடும், டயர் வெடிக்காது. அந்நேரம் கப்டன் சும்மா இருக்கவில்லை. தீ இருக்கிறதா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசி, ஆட்களை இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்துக்கொண்டிருப்பார். ஆனாலும் பயணிகளுக்கு ஒரு வரி முந்திச் சொல்லியிருக்கலாம்; அதில் நான் உங்கள் பக்கம்.

கட்டுநாயக்க ஓடுபாதை 3,350 மீற்றர் நீளம். சென்னை கிட்டத்தான், எரிபொருளும் குறைவு. அந்த எடைக்கு இந்த நீளம் தாராளம். ஆகவே அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

பணிப்பெண் அதட்டியதும் சரிதான். பாதிக் கதவுகளை மட்டும் பாவித்து 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடிய வேண்டும் என்பது சான்றிதழ் விதி. நடைபாதையில் ஒருவர் பையை இழுத்துக்கொண்டு நின்றால் அந்தக் கணக்குப் போச்சு. இந்த முறை சீனிக் குளிசையைச் சின்னப் பேர்ஸில் போட்டு, ஏறும்போதே அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.