பிரஷர் மாத்திரைக்கு ஏன் சிறுநீரகப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று மாதங்களாக இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். சிறுநீரகத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்கிறார் மருத்துவர். பிரஷர் இதயம் சம்பந்தப்பட்டதுதானே?

பதில்: இரத்தத்தை உந்தித் தள்ளுவது இதயம்தான். ஆனால் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை சிறுநீரகங்களே. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியேற்றி, மற்றதை உப்போடு சேர்த்துத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உப்பு சற்றுக் கூடுதலாகத் தங்கினால் நீரும் தங்கி அழுத்தம் ஏறும்; ஏறிய அழுத்தம் அந்த உப்பைச் சிறுநீரில் தள்ளிக் கணக்கை நேராக்கும். உங்களைப் போன்றவர்களுக்கும் கணக்கு நேராகத்தான் செய்கிறது, ஆனால் அழுத்தம் உயர்ந்த நிலையில் இருந்தால்தான் நேராகிறது.

இதில் ஹார்மோன்களின் பங்கு பெரியது. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்தால், அதன் நுண்தமனிச் சுவரிலுள்ள செல்கள் ரெனின் என்ற நொதியைச் சுரக்கின்றன. (1898-இலேயே முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டறியப்பட்ட பொருள் இது.) கல்லீரல் தரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, அந்தத் துண்டு பெரும்பாலும் நுரையீரலில் ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாறுகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் வரவழைக்கிறது. ஆல்டோஸ்டீரோன் சோடியத்தைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது.

உங்கள் மாத்திரை தடுப்பது இந்த ஆஞ்சியோடென்சின் 2-இன் வேலையைத்தான். அதனால் அழுத்தம் இறங்குகிறது. கூடவே பொட்டாசியம் வெளியேறுவதும் குறைவதால், அது இரத்தத்தில் கூடலாம். சிறுநீரக வடிகட்டியை விட்டு வெளியேறும் நுண்தமனி தளர்வதால் வடிகட்டும் அழுத்தம் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் இரத்தத்தில் சிறிது ஏறலாம். முன்பிருந்ததைவிட 30 சதவீதம் வரையிலான ஏற்றத்துக்காகப் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. அதற்கு மேல் போனால் சிறுநீரகத் தமனியில் அடைப்பு உண்டா என்று பார்ப்போம்.

வழக்கமாக மருந்தைத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இந்தப் பரிசோதனை செய்யப்படும். இதுவரை நீங்கள் செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம். மூட்டுவலிக்கு நீங்களாகவே வலிமாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாக இருக்கும் நாளில், இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.