‘ரிப்டைட்’ பாட்டுக்கு அப்பாலும் வான்ஸ் ஜாய்

கேள்வி: வான்ஸ் ஜாய் என்பது சொந்தப் பெயர்தானா?

பதில்: இல்லை. 1987இல் பிறந்த இந்த மெல்பர்ன் பாடகரின் இயற்பெயர் ஜேம்ஸ் கியோ. ஆஸ்திரேலிய எழுத்தாளர் பீட்டர் கேரியின் ‘பிளிஸ்’ நாவலில் வரும் ஒரு கதைசொல்லியின் பெயரையே அவர் மேடைக்கு எடுத்துக்கொண்டார்.

கேள்வி: அவர் கால்பந்து வீரராக இருந்தார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஆனால் அது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையாலும் குத்தி ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து. விக்டோரியா மாநில லீக்கில் கோபர்க் அணிக்கு ஆடினார். மோனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்தார்.

கேள்வி: அவருடைய ‘ரிப்டைட்’ பாட்டு திடீரென்று கிடைத்த வெற்றிதானே?

பதில்: கேட்டவர்களுக்குத்தான் அது திடீர். 2008இல் தொடங்கிய பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்தே அவர் முடித்தார்; அதற்கிடையே மெல்பர்னில் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடக்கூடிய இரவுகளில் பாடிப் பழகினார். 2013இல் பாட்டு வெளிவந்தது. அவ்வாண்டுக்கான ட்ரிபிள் ஜே என்ற ஆஸ்திரேலிய வானொலியின் நூறு பாடல்கள் வாக்கெடுப்பில், நியூசிலாந்துப் பாடகி லார்டின் ‘ராயல்ஸ்’ பாடலையும் முந்தி முதலிடம் பெற்றது. ஆஸ்திரேலியத் தரவரிசையில் அது நூறு வாரங்களுக்கும் மேல் நிலைத்திருந்தது.

கேள்வி: யூகலேலே என்னும் நான்கு தந்திச் சிறு கிதார் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தப் பாட்டை வாசிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். முதல் கட்டையில் கேப்போவை, அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியைப் பூட்டிக்கொண்டால், ஏ மைனர், ஜி, சி என்ற மூன்று கார்டுகளிலேயே (சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டுகள்) பெரும்பகுதி ஓடிவிடும். அவற்றில் ஏ மைனருக்கும் ‘சி’க்கும் ஒவ்வொரு விரல் போதும், ‘ஜி’க்கு மட்டும் மூன்று விரல்கள் வேண்டும். தடுமாற்றம் இடக்கையில் வராது, வாயில்தான் வரும். பல் மருத்துவரையும் இருட்டையும் கண்டு அஞ்சியதாகத் தொடங்கும் சரணத்தில் சொற்கள் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவதால், முதலில் பாடாமல் வலக்கையை மட்டும் ஒரு வாரம் பழக்குங்கள். இந்த எளிமையைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மூன்று கார்டுகளில் அலுக்காத ஒரு மெட்டைப் போடுவதுதான் கடினம் என்பது என் கட்சி.

கேள்வி: அதன்பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லையே?

பதில்: இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014இல் முதல் முழு ஆல்பம் வந்தது; 2015இல் டெய்லர் ஸ்விஃப்டின் ‘1989’ உலகச் சுற்றுப்பயணத்தில் தொடக்கப் பாடகராகச் சென்றார், அதே ஆண்டு சிறந்த ஆண் கலைஞருக்கான ஆரியா என்ற ஆஸ்திரேலிய இசை விருதையும் பெற்றார். என் கணிப்பில் அவருடைய சிறந்த ஆல்பம், காதலிக்கும் இருவரையே ஒரு நாடாக உருவகித்து 2018இல் அவர் வெளியிட்ட ‘நேஷன் ஆஃப் டூ’. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானிகட்டிடம் எடுத்த சொற்றொடர் அது. யூகலேலே பாடகர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள், அதிலுள்ள ‘லே இட் ஆன் மீ’ பாட்டில், மெல்லத் தொடங்கும் குரலுக்குப் பின்னால் பித்தளைக் குழல்கள் எழும் இடத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவது ஆல்பம் 2022இல் வந்தது. ‘ரிப்டைட்’ அளவுக்குப் பரவவில்லை என்பதை மறுக்க மாட்டேன்.